ஞாயித்துக்கிழமை கடைசி ரயில் எத்தன மணிக்கு?

போன இதழ்ல "இத்தாலியில படிக்கிறவங்க வீக்கெண்ட் ட்ரிப் பத்தி ஏதாவது கேக்கணும்னா அனுப்புங்க"ன்னு ஓரமா ஒரே ஒரு வரி தான் போட்டேன், இப்ப இன்பாக்ஸ் தாங்கல. நான் பொலோன்யாவுல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சவ, அந்த ரெண்டு வருஷத்துல சுத்தவும் நல்லா சுத்தினேன், மாட்டவும் நல்லா மாட்டினேன், ரெண்டையும் வெச்சு தான் பதில் சொல்றேன். பேர் போட வேண்டாம்னு பாதி பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரையும் போடல.

மிலான்ல படிக்கிற ஒரு தம்பி: அக்கா, நாங்க நாலு பேர். சனிக்கிழமை காலைல கிளம்பி வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் மூணையும் முடிச்சிட்டு ஞாயிறு நைட் ரூமுக்கு வந்துடணும். ஃபாஸ்ட் ட்ரெயின் இருக்கே, முடியும் தானே?

முடியும் தம்பி, ஏன் முடியாது. மிலான்-வெனிஸ் ரெண்டரை மணி நேரம், வெனிஸ்-ஃப்ளாரன்ஸ் ரெண்டேகால், ஃப்ளாரன்ஸ்-ரோம் ஒன்றரை, ரோம்ல இருந்து மிலானுக்கு மூணு, மூணேகால். கூட்டிப் பாரு, ஒன்பது மணி நேரத்துக்கு மேல சீட்ல உக்காந்தே போயிடுது, இதுல ஸ்டேஷனுக்கு முன்னாடியே போய் நிக்கிறது, பேக் வைக்க இடம் தேடுறது, நாலு பேர்ல ஒருத்தன் காபி வாங்கப் போய் காணாமப் போறது இதெல்லாம் நான் சேர்க்கவே இல்ல. ரோம்ல என்ன பாத்தன்னு யாராவது கேட்டா தெர்மினி ஸ்டேஷன் நல்லா பெருசா இருந்துச்சுன்னு சொல்லுவ.

காசையும் பாரு. ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ ரெண்டும் 300 கிலோமீட்டர் ஸ்பீடுல போகும், ஆனா டிக்கெட் விலை ஃப்ளைட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறிக்கிட்டே இருக்கும். ரெஜியோனாலேன்னு ஒரு வண்டி ஓடுது பாரு, எல்லா ஊர்லயும் நின்னு நின்னு போகுமே, அதுக்கு தூரத்தை வெச்சு ஒரே விலை, ஒரு மாசம் முன்னாடி வாங்கினாலும் அதே காசு, ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வாங்கினாலும் அதே காசு, சீட் நம்பர் கிடையாது, எடம் இருந்தா உக்காரு இல்லன்னா நில்லு. ஸ்டூடண்டுக்கு அது தான் வண்டி. அதுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள எந்த ஊர் வருதோ அத்தோட நிறுத்திக்கோ, உனக்கு மிலான்ல இருந்து அதுவே ஒரு வருஷத்துக்குப் போதும். ஒரு மணி நேரத்துல வரென்னான்னு ஒரு ஊரு வரும், லேக் கோமோ கரையிலயே ஸ்டேஷன், அங்க இருந்து படகுல கால் மணி நேரம் பெல்லாஜியோ. இன்னொரு வாரம் பெர்கமோ, பழைய ஊர் மலை மேல, இழுவை ரயில்ல ஏறணும். வெரோனா இருக்கு, ஜெனோவா இருக்கு. ரோமுக்கு லாங் லீவ் வரும்போது போய் நாலு நாள் இரு.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. போற ரயிலைத் தேடுறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை திரும்புற ரயிலைத் தேடு. சனிக்கிழமை காலைல எல்லாரும் எழுந்திரிக்க மாட்டாங்க, வண்டி காலியா போகும். ஞாயிறு சாயங்காலம் அப்படி இல்ல, வீட்டை விட்டு வெளியூர்ல தங்கிப் படிக்கிற பசங்களை இத்தாலிக்காரங்க ஃபுவோரிசேதேன்னு சொல்லுவாங்க, அவங்க மொத்தப் பேரும் ஊர்ல இருந்து அன்னிக்கு தான் திரும்புவாங்க, பெட்டி நிறைய அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு, அந்தப் பெட்டி நடைபாதையில, அது மேல ஒரு பையன். எனக்கு ஒரு தடவ ரிமினியில இருந்து பொலோன்யா வரைக்கும் கதவுப் பக்கத்துப் படியில தான் எடம் கிடைச்சுது, எதுத்தாப்புல இருந்த பொண்ணு மடியில தக்காளி சாஸ் பாட்டில் நாலு, ஒவ்வொரு பிரேக்குக்கும் ரெண்டு பேரும் சேந்து அதைப் பிடிச்சுக்கிட்டோம்.

படோவாவுல படிக்கிற தங்கச்சி: எல்லாரும் போற ஊரெல்லாம் நானும் போயாச்சு அக்கா, போட்டோவுல பாத்ததையே நேர்ல பாத்த மாதிரி இருக்கு. கூட்டம் இல்லாத ஊர் ஒண்ணு சொல்லுங்களேன்.

ரவென்னா. பொலோன்யா வரைக்கும் வந்து அங்க மாறி ரெஜியோனாலேல ஒண்ணேகால் மணி நேரம். இந்த ஊரைப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கோ.

சான் விதாலே கோயில் காம்பவுண்டுக்குள்ள காலா பிளாசிதியா மவுசோலியம்னு ஒரு சின்னக் கட்டடம், 5-ஆம் நூற்றாண்டு. வெளிய இருந்து பாத்தா வெறும் செங்கல், சரக்கு போட்டு வெக்கிற ரூம் மாதிரி இருக்கும், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு எனக்கு ஒரு நிமிஷம் கோவமே வந்துச்சு. உள்ள போனா ஒண்ணும் தெரியாது, ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா மெலிசா அலபாஸ்டர் கல்லு வெச்சிருக்காங்க, வெளிச்சம் தேன் கலர்ல தான் உள்ள வருது. அப்படியே நில்லு, நகராத. கண்ணு பழகப் பழக தலைக்கு மேல கருநீலத்துல வானம் தெரிய ஆரம்பிக்கும், அதுல தங்க நட்சத்திரம் வரிசை வரிசையா, எல்லாமே நகத்துளி சைஸ் கல்லு ஒண்ணொண்ணா பதிச்சது. பதிச்ச ஆளு வேணும்னே ஒவ்வொண்ணையும் லேசா சாய்ச்சு வெச்சிருக்கான், நீ தலையைத் திருப்பினா நட்சத்திரம் மினுக்கும். சீசன்ல உள்ள சில நிமிஷம் தான் விடுவாங்க, போட்டோ எடுக்குறேன்னு அதை வீணாக்கிடாத.

அப்புறம் இத்தாலியோட பெரிய கவிஞர் தாந்தே கல்லறை. ஃப்ளாரன்ஸ்காரங்க அவரை 1302-ல ஊரை விட்டுத் துரத்தினாங்க, அவர் 1321-ல ரவென்னாவுல தான் செத்தாரு. பின்னாடி பெருமை வந்து எலும்பைத் திருப்பிக் கொடுன்னு கேட்டாங்க, போப் சரின்னுட்டாரு, இங்க இருந்த சாமியாருங்க சுவத்துல ஓட்டை போட்டு எலும்பை எடுத்து ஒளிச்சு வெச்சிட்டாங்க, 1865 வரைக்கும் அது எங்க இருக்குன்னே வெளிய தெரியல. ஃப்ளாரன்ஸ்ல சான்தா க்ரோச்சே கோயில்ல அவருக்குப் பெருசா ஒரு கல்லறை இருக்கு பாரு, அது காலி. ரவென்னா கல்லறையில எரியுற விளக்குக்கு எண்ணெய் மட்டும் வருஷா வருஷம் ஃப்ளாரன்ஸ் கொண்டு வந்து கொடுக்குது. கொடுக்கட்டும், நல்லா கொடுக்கட்டும்.

ஃபெராரா கேட்டா அதுவும் நல்ல ஊரு, சைக்கிள் எடுத்து கோட்டைச் சுவர் ஓரமா சுத்து. லூக்கால சுவர் மேலயே ஓட்டலாம், ஒரு சுத்துக்கு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஆமா, நீ படோவாவுலயே இருக்கியே, ஸ்க்ரொவேன்யி சேப்பல் பாத்தியா? ஜொத்தோ வரைஞ்சது, 1305 வாக்குல முடிச்சாரு, முதல்ல ஒரு ரூம்ல கால் மணி நேரம் உக்கார வெச்சு காத்தை சரி பண்ணிட்டு தான் உள்ள விடுவாங்க. படோவாவுல படிச்சிட்டு இதைப் பாக்காம போற பசங்க நிறைய பேரு, சொந்த ஊர்ல தானே இருக்குன்னு தள்ளித் தள்ளியே கோர்ஸ் முடிஞ்சிடும்.

பொலோன்யாவுல புதுசா சேந்தவர்: டிக்கெட் வாங்கியும் ஃபைன் போட்டாங்கன்னு சீனியர் சொல்றான். உண்மையா?

எனக்கே போட்டாங்க. பேப்பர் டிக்கெட் வாங்கினா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபாரத்துல இருக்குற சின்ன மெஷின்ல நுழைச்சு முத்திரை குத்தணும், குத்தலன்னா அது டிக்கெட்டே வாங்காத மாதிரி தான், ஏன்னா ரெஜியோனாலே டிக்கெட்ல நீ எந்த வண்டியில போறன்னு இருக்காது, குத்தாம விட்டா அதே டிக்கெட்டை நாளைக்கும் வெச்சு போகலாம்ல. நான் ஓடி வந்து ஏறினேன், குத்தல, செக்கர் வந்து ரொம்ப மரியாதையா சினியோரீனான்னு கூப்பிட்டு டிக்கெட் விலையப் போல பல மடங்கு எழுதிட்டுப் போயிட்டாரு. தப்பு என் மேல தான், வாய் திறக்க முடியல. போன்ல வாங்கினா செக்-இன் பட்டன் இருக்கும், வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி அமுக்கணும், ஓடுற வண்டியில செக்கர் வர்றதைப் பாத்துட்டு அமுக்குறவங்களை அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

மெஷின் ரிப்பேர்னா டிக்கெட்லயே பேனாவால தேதியும் நேரமும் எழுதிட்டு, ஏறினதும் நீங்களே போய் செக்கர்கிட்ட சொல்லிடுங்க. ஸ்டேஷன்ல ஒட்டியிருக்குற டைம்டேபிள்ல மஞ்சள் பேப்பர் தான் கிளம்புற வண்டி, வெள்ளை வர்ற வண்டி, மாத்திப் பாத்துட்டு நின்னவங்க கதை தனியா ஒரு இதழே போடலாம். வெனிஸ் போறவங்க மெஸ்த்ரேல இறங்கிடாதீங்க, அது கரையில இருக்குற ஊரு, தண்ணி பாக்கணும்னா அடுத்து சான்தா லூச்சியா.

டூரின்ல இருந்து: பெர்மெஸ்ஸோவுக்கு (இத்தாலியில தங்குறதுக்கான அனுமதி அட்டை) அப்ளை பண்ணிட்டேன், கார்டு இன்னும் வரல, ரசீது இருக்கு. டிசம்பர்ல ஃப்ரெண்ட்ஸோட பஸ்ல பாரிஸ் போலாமா?

இந்தக் கேள்வி மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கீங்க, அதனால நிதானமா படிங்க. உங்க பாஸ்போர்ட்ல ஒட்டின டி வீசா, அதான் ரொம்ப நாள் தங்குற வீசா, அதோட தேதி இன்னும் முடியலன்னா போகலாம், அந்த வீசாவை வெச்சே மத்த ஷெங்கன் நாடுகள்ல (எல்லையில செக்கிங் இல்லாம போய் வர ஒத்துக்கிட்ட ஐரோப்பிய நாடுங்க) எந்த 180 நாள் எடுத்தாலும் அதுல 90 நாள் வரைக்கும் இருக்கலாம். வீசா முடிஞ்சு போச்சு, கார்டு வரல, போஸ்ட் ஆபீஸ் ரசீது மட்டும் தான்னா, போகாதீங்க. அந்த ரசீது நீங்க இத்தாலியில சட்டப்படி இருக்கீங்கன்னு காட்டும், ஃபிரான்ஸ்ல அதுக்கு மதிப்பு கிடையாது. ஷெங்கனுக்குள்ள செக்கிங்கே இல்லையேன்னு சொல்லுவீங்க, 2015-ல இருந்து ஃபிரான்ஸ் தன் எல்லையில செக்கிங்கை திரும்பக் கொண்டு வந்திருக்கு, டூரின்ல இருந்து போற பஸ்ஸை நிறுத்தி போலீஸ் உள்ள ஏறி ஒவ்வொருத்தரா பாஸ்போர்ட் கேக்குறது சாதாரணம். ராத்திரி ரெண்டு மணிக்கு மலை மேல பஸ்ஸை விட்டு இறக்கினா நண்பர்கள் பாரிஸுக்குப் போயிடுவாங்க, நீங்க தான் நிப்பீங்க. ஃபைன், திருப்பி அனுப்பினது எல்லாம் ரெக்கார்ட்ல ஏறினா அடுத்த வருஷம் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும்போது அது வேற தலைவலி.

கார்டு கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டையும் சேத்து எடுத்துக்கிட்டு எங்க வேணா போங்க, பாரிஸ் எங்கயும் ஓடிடாது. சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் தான், இதே ரூல். ஆனா அது ஈயூ (ஐரோப்பிய யூனியன்) இல்ல, அதனால லுகானோ எட்டிப் பாத்துட்டு வரலாம்னு போறவங்க பார்டர் தாண்டுறதுக்கு முன்னாடி மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா பேலன்ஸ் காலியாகி திரும்புற ரயில் டிக்கெட்டை போன்ல திறக்க முடியாம நிப்பீங்க.

ஒரு அம்மா: என் பொண்ணு பெரூஜாவுல படிக்கிறா. வாரம் தவறாம எங்கயாவது கிளம்பிடுறா. தங்குற எடத்துல பாஸ்போர்ட்டை வாங்கி போட்டோ எடுத்துக்கிறாங்களாம், எனக்கு அதைக் கேட்டதுல இருந்து தூக்கமே இல்ல. மணிக்கொரு தடவ போன் பண்ணா கோவப்படுறா.

அம்மா, பாஸ்போர்ட் விஷயத்துல பயப்படாதீங்க, அது அங்க சட்டம். ஹாஸ்டலோ ஹோட்டலோ வாடகை வீடோ, வந்து தங்குறவங்க விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள போலீசுக்கு ஆன்லைன்ல அனுப்பியே ஆகணும், இத்தாலிக்காரங்க தங்கினாலும் அப்படித்தான். பாஸ்போர்ட்டைப் பாத்துட்டு கையோட திருப்பிக் கொடுத்துடணும், ஊர் விட்டுப் போற வரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும்னு யாராவது சொன்னா மட்டும் முடியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. தங்குற வரின்னு ராத்திரிக்கு சில யூரோ தனியா கேப்பாங்க, அதுவும் நிஜம் தான், ஏமாத்து இல்ல.

அங்க பிக்பாக்கெட் தான் பெரிய தொல்லை, அதுவும் பெரிய ஸ்டேஷன்லயும் ரோம் மெட்ரோலயும். டிக்கெட் மெஷின்கிட்ட தானா வந்து உதவி பண்றேன்னு நிக்கிறவங்க கிட்ட உதவியே வாங்க வேண்டாம். அவசரம்னா நம்பர் 112. மணிக்கொரு போனை விடுங்கம்மா, அதுக்குப் பதிலா ஒண்ணு கேளுங்க: கிளம்புறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை எந்த வண்டியில திரும்புறான்னு நம்பரை மட்டும் அனுப்பச் சொல்லுங்க. அந்த நம்பரை நெட்ல போட்டா வண்டி இப்ப எங்க இருக்கு, எத்தன நிமிஷம் லேட்டுன்னு உங்களுக்கே தெரியும். எங்கம்மா இதைக் கத்துக்கிட்ட அப்புறம் லேட்டுன்னு எனக்கே அவங்க தான் போன் பண்ணி சொன்னாங்க.

ரோம்ல இருந்து: 18 முதல் 25 வயசு வரைக்கும் மியூசியம் 2 யூரோ தானாமே? அப்புறம் ஃப்ரீ ஞாயிறு எப்ப?

அந்த 2 யூரோ ஈயூ நாட்டுக் குடிமக்களுக்கு. இத்தாலியில படிக்கிறோம்ங்கிறது கணக்குல வராது, ஸ்டூடண்ட் கார்டை நீட்டி, பின்னாடி முப்பது பேர் நிக்கிற வரிசையில நான் அசடு வழிஞ்ச நாள் ஒண்ணு உண்டு. நமக்கும் சேத்து ஃப்ரீ எதுன்னா மாசத்தோட முதல் ஞாயிறு, அரசு மியூசியம் எல்லாம், கொலோசியம், ஃப்ளாரன்ஸ்ல இருக்குற உஃபீட்சி, பொம்பெய் கூட. வத்திக்கான் மியூசியம் தனிக் கணக்கு, அங்க மாசக் கடைசி ஞாயிறு, மதியத்தோட சரி. கொலோசியத்துக்கு முதல் ஞாயிறு போனா வரிசையைத் தான் பாக்கலாம், அதனால அன்னிக்கு நேப்பிள்ஸ் போங்க, ஆர்க்கியாலஜி மியூசியம். பொம்பெய்ல தோண்டி எடுத்த நல்ல சாமான் பூரா இங்க தான் இருக்கு. அதுல ரகசிய அறைன்னு ஒண்ணு, உள்ள பெரும்பாலும் வயசு வந்தவங்க பாக்குற சமாச்சாரம், அதுக்கு நடுவுல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலா யானைத் தந்தத்துல ஒரு பொம்பள சிலை, கால்ல தண்டை, கையில வளையல் முழங்கை வரைக்கும், தலைப் பின்னல் முதுகு வரைக்கும். இந்தியாவுல செஞ்சது, 1938-ல பொம்பெய்ல கிடைச்சுது. லட்சுமின்னு பேர் போட்டு வெச்சிருக்காங்க, யட்சியா இருக்கணும்னு சொல்ற ஆராய்ச்சியாளருங்களும் உண்டு. கி.பி. 79-ல வெசுவியஸ் வெடிச்சப்ப யாரோ ஒருத்தர் வீட்டு சாமானோட சாமானா இது இருந்திருக்கு. எனக்கு அதைப் பாத்துட்டு வெளிய வர மனசே வரல. ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த மியூசியத்துக்கு செவ்வாய் லீவ், உஃபீட்சிக்கு திங்கள் லீவ்.

வெனிஸ் போக நுழைவுக் கட்டணமாமே? ஆமா, 2024-ல ஆரம்பிச்சாங்க. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் சில நாள் மட்டும், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு, காலைல எட்டரையில இருந்து சாயங்காலம் நாலு மணிக்குள்ள பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு. முன்கூட்டியே கட்டினா 5 யூரோ, கடைசி நேரத்துல 10. வெனிஸ்ல ராத்திரி தங்கினா கிடையாது, ஆனா ஆன்லைன்ல பதிஞ்சு விலக்கு வாங்கணும். வெனிஸ் இருக்குற வெனெத்தோ மாநிலத்துல முறையா ரெசிதென்சா, அதாவது குடியிருக்குற விலாசம், பதிஞ்சவங்களுக்கும் கிடையாது. நவம்பர்ல போங்க, பனிமூட்டத்துல ஊரே உங்களுக்குத் தான்.

சுத்த சைவம் அக்கா, ட்ரிப் போனா மார்கெரீத்தா பீட்சாவே கதியா?

இல்லப்பா. பாலும் வேண்டாம்னா மரினாரா பீட்சா, தக்காளி, பூண்டு, ஓரேகானோ அவ்ளோ தான், சீஸ் கிடையாது. ஜெனோவா பக்கம் ஃபரினாத்தா, கொண்டக்கடலை மாவுல பெரிய தட்டுல சுட்டது, பெப்பர் தூவி சூடா. பலெர்மோல அதே மாவை பொரிச்சு பன்னுக்குள்ள வெச்சு தருவாங்க, பனெல்லே. ரொமாஞா பக்கம் பியாதினா ரொட்டி வாங்கினா ஸ்ட்ருத்தோ இருக்கான்னு கேளு, அது பன்னிக் கொழுப்பு. பர்மிஜானோ சீஸ்லயும் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட் தான் போடுறாங்க, அதைத் தெரிஞ்சிக்கிட்டு நீயே முடிவு பண்ணிக்கோ. கறி இல்லாமன்னு மட்டும் சொல்லாத, ஹாம் கறியில சேராதுன்னு நினைக்கிற ஆளுங்க உண்டு, சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா ப்ரொஷூத்தோன்னு (கறி இல்லாம, மீன் இல்லாம, ஹாம் இல்லாம) மூணையும் சொல்லிடு. காபிய கவுண்டர்ல நின்னே குடி, உக்காந்தா விலை வேற.

ஸ்ட்ரைக் வந்தா என்ன பண்றது? (மூணு பேர் கேட்டது)

என் கதைய கேளுங்க. சிங்குவே தெர்ரே, கடலோரத்துல மலைச் சரிவுல அஞ்சு சின்ன ஊரு, அங்க போயிருந்தோம், அக்டோபர், நல்ல வெயில், கொர்னீலியா ஸ்டேஷன்ல இருந்து ஊருக்கு கிட்டத்தட்ட 380 படி, ஏறி முடிச்சு மேல உக்காந்து திராட்சை சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், ரூம்மேட் போனைப் பாத்துட்டு ஷோப்பெரோன்னா என்னடின்னு கேக்குறா. முந்தின நாள் ராத்திரி 9 மணியில இருந்து ஞாயிறு ராத்திரி 9 மணி வரைக்கும் ஸ்ட்ரைக். எனக்கு அரைகுறையா ஒண்ணு தெரியும், ஸ்ட்ரைக் அன்னிக்கும் காலை 6-9, சாயங்காலம் 6-9 ரெஜியோனாலே கட்டாயம் ஓடும்னு, அதை நம்பி தைரியமா ஆறு மணி வரைக்கும் கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த உத்தரவாதம் வேலை நாளுக்கு மட்டுமாம், ஞாயித்துக்கிழமைக்கு இல்லையாம், ஸ்டேஷன்ல ஒரு பாட்டி தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. போர்டு முழுக்க சொப்ரெஸ்ஸோ, சொப்ரெஸ்ஸோ, அப்படின்னா ரத்து. 9 மணிக்கு மேல வந்த வண்டியில லா ஸ்பேத்சியா வரைக்கும் வந்தோம், அங்க இருந்து பொலோன்யாவுக்கு அன்னிக்கு வண்டி முடிஞ்சு போச்சு. ராத்திரி ஹாலையும் பூட்டிட்டாங்க, வெளிய குளிர்ல ரெண்டு பேரும் ஒரே துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தோம், திங்கள் காலைல எனக்கு லேப் போச்சு.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அந்த ஸ்ட்ரைக் அறிவிச்சிருந்தாங்க. இத்தாலியில ஸ்ட்ரைக் திடுதிப்புனு வராது, போக்குவரத்து அமைச்சகத்தோட வெப்சைட்ல தேதி போட்டு லிஸ்டே இருக்கும், பாக்காதது நான். வியாழக்கிழமை ஒரு தடவ அதைத் திறந்து பாருங்க, வெள்ளிக்கிழமை ஸ்ட்ரைக் அங்க ரொம்பப் பிரசித்தம்.

பொலோன்யாவுல இருந்து, ஒரே வரிக் கேள்வி: அசினெல்லி கோபுரம் ஏறியிருக்கீங்களா அக்கா?

டிகிரி வாங்கறதுக்கு முன்னாடி ஏறினா டிகிரியே கிடைக்காதுன்னு அங்க ஸ்டூடண்ட்ஸ் நம்பிக்கை, உங்களுக்கும் இந்நேரம் சொல்லியிருப்பாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனா எதுக்கு வம்புன்னு ரெண்டு வருஷமும் கீழ இருந்தே பாத்தேன். டிகிரி வாங்கின வாரமே ரூமைக் காலி பண்ண வேண்டியதாயிடுச்சு, அடுத்த தடவ வரும்போது ஏறிக்கலாம்னு விட்டேன். பக்கத்துல இருக்குற கரிசெந்தா கோபுரம் ரொம்ப சாயுதுன்னு 2023 அக்டோபர்ல ரெண்டையும் சுத்தி அடைச்சிட்டாங்க, நான் அடுத்த தடவ போனப்ப வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு அண்ணாந்து பாத்துட்டு சாயங்கால வண்டிக்குக் கிளம்பிட்டேன்.